விடுப்பு எடுக்காத திருமூர்த்தி

சூலூரைத் தாண்டிக் கிழக்கே போகும் நெடுஞ்சாலையில், ஒரு பல் மருத்துவமனைக்கு எதிரே, ஏணி செய்து விற்கும் நிறுவனம் ஒன்று இருந்தது. அங்கிருந்து ஏணிகள் மதுரைக்கும் மங்களூருக்கும் போயின, கோபுரங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் சாய்த்து வைக்கப்பட்டன, பெயின்டர்களையும் மின்பணியாளர்களையும் பூக்கட்டுபவர்களையும் தூக்கிச் சுமந்தன. ஆனால் அந்த நிறுவனத்தில் வேலை பார்த்தவர்களில் ஒருவர்கூடத் தாம் செய்த ஏணியில் ஏறிப் பார்த்ததில்லை.

குமரகிரி அலுமினிய ஏணிகள் என்பது அதன் பெயர். ஒவ்வோர் ஏணியின் பக்கச் சட்டத்திலும் 'பரிசோதிக்கப்பட்டது' என்று அச்சிட்ட பச்சை ஸ்டிக்கர் இருந்தது. அதை ஒட்டியவர் பேக்கிங் பிரிவின் மேற்பார்வையாளர் மயிலாத்தாள். படிகளைப் பொருத்துவதற்கு முன்பே, சட்டம் தரையில் படுத்திருக்கும்போதே அவர் ஒட்டிவிடுவார். படுத்திருக்கும் சட்டத்தில் ஸ்டிக்கர் சுருக்கமின்றி உட்காரும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் ஏதுமில்லை. இன்னும் ஏணியாகாத ஒன்றை யாரோ பரிசோதித்துவிட்டதாகச் சொல்லும் அந்தப் பச்சைச் சொல்லை எல்லாரும் தினமும் பார்த்தார்கள். வேட்டி நழுவிய பெரியவர் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் போல, எல்லாரும் தினமும் அதைப் பார்க்காமல் இருந்தார்கள்.

முதலாளியம்மாள் பூவாத்தாள், கணவர் இறந்த பிறகு நிறுவனத்தை நடத்திவந்தவர். மூன்று மகள்களைக் கட்டிக்கொடுத்தவர். உலகத்தில் எதைத் தேர்ந்தெடுப்பதானாலும் அதற்கு ஒரே முறைதான் உண்டு என்று நம்பியவர். மோட்டார் கம்பெனிக்காரர் ஒருவர், கல்யாணப் பந்தியில், தம் நிறுவனத்தின் கொள்முதல், இருப்பு, விற்பனை, சம்பளம் அனைத்தையும் ஒரே மென்பொருள் பார்த்துக்கொள்வதாகவும், தாம் அந்த மென்பொருளை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் பாயசத்துக்கு நடுவே சொல்லிவிட்டார். மறுநாளே பூவாத்தாள் தம் மேலாளர் நாச்சிமுத்துவை அழைத்தார்.

"நமக்கும் ஒரு நல்ல எடமாப் பாருங்க, நாச்சிமுத்து. குடும்பம் எப்படி, கட்டிக்கிட்ட பொறகு கூப்புட்டா வருவாங்களா, எல்லாத்தையும் விசாரிச்சுப் போடுங்க."

அப்படியே நடந்தது. விற்பனையாளர்கள் நல்ல நேரம் பார்த்து வரவழைக்கப்பட்டார்கள். அவர்கள் வருமுன் கூடம் கழுவப்பட்டது; பல் மருத்துவமனையிலிருந்து பூச்சாடி இரவல் வாங்கப்பட்டது; கோணிப்போன ஏணிகளும் படி தெறித்த ஏணிகளும் கொட்டகைக்குப் பின்னால் தள்ளப்பட்டுத் தார்ப்பாயால் மூடப்பட்டன; கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் தட்டில் வந்தன. மயிலாத்தாள் புதுப் புடவை கட்டிக்கொண்டு நின்றார். நாச்சிமுத்து, பெண்ணின் தகப்பனைப் போல, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கேட்காத கேள்விக்கெல்லாம் சிரித்தார்.

முதலில் வந்த மென்பொருள் கட்டுப்பாடு மிகுந்தது; பதினைந்து நாளுக்கொரு முறை கடவுச்சொல்லை மாற்றச் சொன்னது. "வந்த மாப்பிள்ளை மாசத்துக்கு ரெண்டு தடவ வீட்டுப் பூட்டை மாத்தச் சொன்னா, அது குடும்பமா, லாட்ஜா?" என்று பூவாத்தாள் அதைக் கழித்துவிட்டார். இரண்டாவது மென்பொருளைக் கொண்டுவந்தவர் எதைக் கேட்டாலும் முடியும் என்றார். பல வண்ணங்களில் வட்டங்களைக் காட்டி, முடியும் முடியும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பூவாத்தாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, இது சட்னி அரைக்குமா?" என்று கேட்டார். அவர் பஜ்ஜியைக் கீழே வைக்காமல், "அடுத்த பதிப்புல வந்துருங்கம்மா" என்றார். அவரும் போய்விட்டார்.

மூன்றாவதாக வந்தவர் நிரஞ்சன் என்னும் சென்னைக்காரர். முன்னிருவரும் தம் பெருமையைப் பேசினார்கள். நிரஞ்சனோ இவர்களைப் பற்றிக் கேட்டார். அலுமினியம் எங்கிருந்து வருகிறது, அதை யார் எடை பார்க்கிறார், சட்டத்தை யார் அறுக்கிறார், படியை யார் பொருத்துகிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, புரொஜெக்டரிலிருந்து சுவரில் விழுந்த வெளிச்சத்துக்குள் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் நின்றார். அதன் ஓரத்தில் சிவப்பு நட்சத்திரம் ஒன்று இருந்தது.

"அனுப்பறதுக்கு முன்னாடி ஏணியைச் செக் பண்றது யாருங்க சார்?"

"அதை அப்புறம் போட்டுக்கலாம் தம்பி," என்றார் நாச்சிமுத்து. "அடுத்ததுக்குப் போங்க."

"போக முடியாதுங்க சார். ஸ்டார் போட்ட கட்டம். பேரைப் போட்டாத்தான் அடுத்த பக்கமே திறக்கும்."

பூவாத்தாள் தம் வளையலைப் பார்த்தார். மயிலாத்தாள் புடவைத் தலைப்பில் இல்லாத கறையொன்றைத் துடைத்தார். சுவரில், வெற்றுக் கட்டத்துக்குள் எழுத்துக்குக் காத்திருந்த கோடு, வா வா என்று அழைப்பதுபோல், மின்னி மின்னி நின்றது. முப்பது ஆண்டுகளாக நாணயமான மனிதர் என்று பெயரெடுத்திருந்த நாச்சிமுத்துவுக்கு, 'யாருமில்லை' என்னும் ஒரு சொல், அதுவும் கேசரி தின்றுகொண்டிருக்கும் அயலூர்க்காரர் முன்னிலையில், தொண்டைக்கு மேலே ஏறவில்லை.

"திருமூர்த்தின்னு ஒருத்தருங்க," என்றார். சொல்லத் தொடங்கியபின் நிறுத்த வழியில்லை. "இருபது வருஷமா அவருதான். ஒவ்வொரு ஏணியிலயும் அவரே ஏறி எறங்கிப் பாப்பாரு. ரொம்பக் கறாரு. ஒரு நாள் லீவு போட்டு நான் பாத்ததில்லைங்க. உக்காந்துகூடப் பாத்ததில்லை."

கடைசி இரண்டும் அணுவளவும் பொய்யல்ல.

"இப்படி ஓர் ஆள் எந்தக் கம்பெனியிலயும் இல்லம்மா," என்று நிரஞ்சன் பூவாத்தாளிடம் வியந்து சொன்னார். அடுத்த பக்கம் திறந்தது.

மறுநாள் காலை, ஷிப்டு மணி அடிப்பதற்கு முன், நீலச் சட்டை போட்ட ஒருவர் வாயிற்கதவில் வந்து நின்றார். உங்களை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று காவலாளி நெற்றியைச் சுருக்க, "இருபது வருஷமாப் பாக்கறீங்களே, அண்ணா" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, திருமூர்த்தி உள்ளே போய், முதல் ஏணியை நிமிர்த்தி, அதில் ஏறினார்.

அவர் யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால், இதுவரை யார் பார்த்தார் என்னும் கேள்வி அதன் பின்னாலேயே வரும் என்பதை எல்லாரும் அறிந்திருந்தார்கள். ஆகவே வியப்பதற்குப் பதிலாக அவருக்கு இடம் ஒதுக்கினார்கள். தேநீர்த் தட்டில் ஒரு தம்ளர் கூடியது. சாப்பாட்டு வரிசையில் மயிலாத்தாள் சற்று நகர்ந்துகொண்டார். திருமூர்த்தியிடம் டிபன் பாக்ஸ் இல்லை. அவருக்கு மனைவி உண்டு என்றோ வீடு உண்டு என்றோ நாச்சிமுத்து சொல்லியிருக்கவில்லையே. எனவே பெண்கள் ஆளுக்கொரு கரண்டி தம் பாத்திரத்திலிருந்து அவர் இலையில் வைத்தார்கள். புளிச்சோறும் கொள்ளுப் பருப்பும் தயிரும் ஒரே இலையில் கலந்து கிடக்க, அவர் அதைச் சுவரோரம் நின்றபடியே உண்டார். உட்காருங்க என்று மயிலாத்தாள் முக்காலியை நகர்த்தியபோது, அவர் முழங்காலை மடக்கப் பார்த்தார், அது மடங்கவில்லை. ஏணிப்படிக்கு மடங்கிய அதே முழங்கால் முக்காலிக்கு மடங்கவில்லை. அதன்பின் ஒருவரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

ஆயுத பூசைக்கு அவர் பெயரிலும் ஒரு பொரிப் பொட்டலம் கட்டப்பட்டது. எதிர்ப்புறப் பல் மருத்துவர், ஏணிக் கம்பெனியில் ஏறிப் பார்க்க ஆள் வைத்துவிட்டார்களாமே என்று நோயாளிகளின் திறந்த வாய்களிடம் சொன்னார். தீபாவளியன்று கொட்டகை பூட்டியிருந்தது. உள்ளே டொக் டொக்கென்று சத்தம் கேட்டுக் காவலாளி எட்டிப் பார்த்தபோது, திருமூர்த்தி ஏற்கெனவே பார்த்து முடித்த ஏணிகளில் மறுபடியும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். காவலாளி கதவிடுக்கு வழியாக ஒரு துண்டு மைசூர்பாகைக் கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி வந்து பட்டாசைக் கொளுத்தினார், அது நமத்துப்போயிருந்தது.

ஆனால் எல்லாருடைய வெட்கமும் திருமூர்த்தியிடம் தொடங்கவில்லை, தார்ப்பாயில் தொடங்கியது. திருமூர்த்தி கழித்த ஏணிகள் கொட்டகைக்குப் பின்னால் சேர்ந்தன. ஆணி இறுகாதவை, சட்டம் பிளந்தவை, நடுப்படி ஆடுபவை என்று குவியல் நாளுக்கு நாள் வளர்ந்தது. இத்தனை காலம் இவையெல்லாம் பச்சை ஸ்டிக்கரோடு எங்கே போயின என்று அது வாய்திறவாமல் கேட்டது. பூவாத்தாள் பெரிய தார்ப்பாய் வாங்கினார். குவியல் அதைவிடப் பெரிதாயிற்று. இரண்டு தார்ப்பாய்களைச் சேர்த்துத் தைத்தார்கள். தைப்பதற்கு எல்லாரும் உதவினார்கள்.

ஒரு மதியம் திருமூர்த்தி நாச்சிமுத்துவின் அறைக்கு வந்து நின்றார்.

"சார், மயிலாத்தாக்கா எங்கிட்ட ஊரு எதுன்னு கேட்டாங்க. எனக்கு எந்த ஊருங்க?"

நாச்சிமுத்து பேனாவின் மூடியைக் கழற்றி, மறுபடி மூடினார். உடுமலை என்று சொல்லிவிட்டால் உடுமலையில் ஒரு வீடு எழும். வீட்டில் ஒரு பெண் எழுவாள். அவள் ஒரு நாள் இங்கே வந்து நின்று தன் மாமியார் யாரென்று கேட்பாள். "அப்புறம் சொல்றனுங்க," என்றார்.

"சரிங்க. இன்னொண்ணு கேக்கோணும். எனக்கு ஒரு நாள் லீவு வேணுங்க."

"போய்ட்டு வாங்களே. யாரு தடுத்தாங்க?"

"வாசல் கேட்டு வரைக்கும் போறனுங்க சார். அதுக்கப்பறம் காலு திரும்பி வந்துருது." அவர் கோபமாகச் சொல்லவில்லை, கோபக்காரர் என்று அவரைப் பற்றி ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. "லீவே போடாதவன்னு நீங்க சொல்லிப்போட்டீங்க. உக்காரறதில்லைன்னும் சொல்லிப்போட்டீங்க. பாத்ததில்லைன்னுதான் சொன்னீங்க, அது எனக்குப் புரியுது. ஆனா காலுக்குப் புரியலைங்க. சொன்னவங்களே மாத்திச் சொன்னாத்தான் ஆகும். அந்தக் கூடத்துலயே, அன்னைக்குக் கேட்டவங்க முன்னாலயே சொல்லோணும்."

நாச்சிமுத்துவின் காதுமடல்கள் சுட்டன. "மென்பொருளு முடிவாகட்டும். அதுக்கப்பறம் பாக்கலாம்," என்றார், தம் கண்கள் அந்த மனிதரின் கால்களுக்குப் போகாதவாறு சன்னலைப் பார்த்தார். சன்னலுக்கு வெளியே தார்ப்பாய் தெரிந்தது.

மென்பொருள் முடிவாயிற்று. தட்டு மாற்றும் நாள் குறிக்கப்பட்டது. வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள் தடவிய ஒப்பந்தம் எல்லாம் தாம்பாளத்தில் வந்தன. சம்பளப் பகுதிக்காக ஒவ்வொருவரும் விரல் பதிக்க வேண்டும் என்றும், முதல் விரல் திருமூர்த்தியுடையதாக இருக்க வேண்டும் என்றும் பூவாத்தாள் ஏற்பாடு செய்திருந்தார். அவருக்குப் போர்த்தச் சால்வையும் வாங்கியிருந்தார். திருமூர்த்தி கூடத்தின் நடுவே, ஏழு நாற்காலிகளுக்கு முன்னால், நின்றார். கருவியில் கட்டைவிரலை வைத்தார். கருவி சிவந்து, மறுபடி என்றது. துடைத்து வைத்தார். மறுபடி என்றது.

"ரேகையே இல்லியே," என்று நிரஞ்சன் அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது தேங்காய்ச் சில்லின் உட்புறம்போல் வழவழவென்றிருந்தது.

"ஏணி புடிச்சுப் புடிச்சுத் தேஞ்சிருக்கும்," என்றார் நாச்சிமுத்து.

அப்போது வாசலில் ஒருவர் வந்து நின்றார். ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில், விசேஷத்துக்கு வந்த விருந்தாளி என்று நினைத்துக் காவலாளி கொடுத்துவிட்ட, கேசரித் தட்டும் இருந்தன. அந்தக் கேசரியை எங்கே வைப்பதென்று தெரியாமல், அதைப் பிடித்துக்கொண்டே அவர் பேசினார்.

"நான் பொள்ளாச்சிங்க. பேரு மாசிலாமணி, பெயின்டர். உங்க ஏணியில இருந்து உழுந்தவன். இடுப்பெலும்பு போச்சுங்க. சண்டை போட வரலை. ஏணியில பச்சையா ஒரு ஸ்டிக்கர் இருந்துது, பரிசோதிக்கப்பட்டதுன்னு. அதைப் பாத்துப்போட்டுத்தான் ஏறினேன். பரிசோதிச்ச மகராசன் ஆருன்னு ஒருக்கா மூஞ்சியப் பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க."

சால்வை பூவாத்தாளின் மடியிலிருந்து வழுக்கி விழுந்தது, ஒருவரும் எடுக்கவில்லை.

"நாந்தானுங்க," என்றார் திருமூர்த்தி.

அவரால் வேறெதுவும் சொல்ல முடியாது. இருபது ஆண்டுகளாகப் பரிசோதித்தவர் அவர் என்று சொல்லப்பட்டிருந்தது. ஆகவே பிறப்பதற்கு முன் செய்யாமல் விட்ட வேலையும் அவருடையதே. அவர் மாசிலாமணியின் எதிரே போய்த் தலை குனிந்தார். "என்ற தப்புங்க. மன்னிச்சுப்போடுங்க."

"ஒரே ஒரு தடவ ஏறிப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்குமே, சாமி. ஆடற படி காலுக்குச் சொல்லுமே. ஒரு தடவ ஏற முடியலியா? அப்படி என்ன வேலை உமக்கு? ஆரு வீட்டுல விருந்து தின்னுட்டு இருந்தீரு?"

"என்ற தப்புங்க."

"ஆறு மாசம் படுத்த படுக்கையாக் கெடந்தேன். பொண்டாட்டிதான் அள்ளிக் கொட்டினா. கையும் காலும் நல்லா இருக்கறவனுக்கு அந்த வெக்கம் தெரியாது."

"என்ற தப்புங்க."

வெட்கம் என்னும் அந்தச் சொல்லில் நாச்சிமுத்து எழுந்துவிட்டார். எழுந்தது அவருக்கே தெரியவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்த சத்தத்தில்தான் தெரிந்தது. தம்முடைய வெட்கத்தை ஒருவர் நின்றுகொண்டே, முகம் சுளிக்காமல், வாங்கிக் குடித்துக்கொண்டிருக்க, தாம் அதைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதை அதற்குமேல் அவரால் பொறுக்க முடியவில்லை.

"அவரில்லைங்க," என்றார். "அப்படி ஒருத்தரே இல்லை. இந்தத் தம்பி கேட்டப்ப, யாருமில்லைன்னு சொல்றதுக்குக் கூச்சப்பட்டுட்டு நானாச் சொன்ன பேருங்க அது. உங்க ஏணியில யாரும் ஏறலை. ஒரு ஏணியிலயும் யாரும் ஏறினதில்லை. லீவு போடலைன்னேன், வந்திருந்தாத்தானுங்களே லீவு. உக்காரலைன்னேன், ஆளுன்னு ஒண்ணு இருந்தாத்தானுங்களே உக்கார. நான் சொன்னது பொய்."

"ஸ்டிக்கர ஒட்டினது என்ற கைதானுங்க," என்று மயிலாத்தாள் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

பூவாத்தாள், "எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?" என்றார், முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "தெரிஞ்சுதானே தார்ப்பாய் வாங்கிக் குடுத்தேன்."

திருமூர்த்தி அவர்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். அவர் முகத்தில் முதன்முறையாகக் களைப்பு வந்தது. நாள் முழுதும் வேலை பார்த்த எவருக்கும் வரும் களைப்பு. நிரஞ்சனிடம், "தம்பி, லீவுக்கு எங்க எழுதோணும்?" என்று கேட்டார்.

நிரஞ்சன் தம் தொழில் மறவாதவர். விடுப்புப் பகுதியைத் திறந்தார். "காரணம் போடணுங்க. ஸ்டார் இருக்கு."

"மேனேஜர் உண்மையச் சொல்லிப்போட்டாருன்னு போடுங்க."

அப்படியே போடப்பட்டது. திருமூர்த்தி கும்பிட்டுவிட்டு வெளியே நடந்தார், வாயிற்கதவைத் தாண்டினார், அவர் கால் திரும்பவில்லை.

மாசிலாமணிதான் முதலில் பேசினார். கேசரி ஆறிப்போயிருந்தது. "பாவம் அந்த மனுசன். ஒண்ணும் பண்ணாதவனை நிக்க வெச்சுத் திட்டிப்போட்டேன்," என்றார். பிறகு கூடத்திலிருந்தவர்களைப் பார்த்தார். "அவரும் போயிட்டாரு. இப்ப நான் ஆருகிட்டப் பேசறது?"

சுவரில், நட்சத்திரமிட்ட கட்டத்திலிருந்து பெயர் அழிந்து, கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து அதையே பார்த்தார். "எங்கிட்டப் பேசுங்க," என்றார். "தம்பி, அதுல என்ற பேரப் போடுங்க."

"அனுபவம் எவ்வளவுன்னு கேக்குதுங்க சார்."

"இல்லைன்னு போடுங்க."

மாசிலாமணி கேசரித் தட்டைத் தாம்பாளத்தின் ஓரத்தில், வெற்றிலைக்குப் பக்கத்தில், வைத்தார். "பேரப் போட்டாப் போதுமா?" என்றார். "ஏறுங்க. நான் பாக்கோணும்."

எல்லாரும் முற்றத்துக்கு வந்தார்கள். அன்று காலை முடிந்த, திருமூர்த்தி இன்னும் ஏறிப் பார்க்காத ஏணி ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. நாச்சிமுத்து செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். முதல் படியில் கால் வைத்ததுமே, அத்தனை பேர் முன்னிலையிலும், அவர் ஏணிச் சட்டத்தைத் தூணைப்போல் கட்டிக்கொண்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. அதுவே அவருக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. ஏறினார். மேலும் ஏறினார். கொட்டகையின் தகரக்கூரைக்கு மேலே தலை போனதும், கீழேயிருந்து இத்தனை நாளும் கச்சிதமாக மூடியிருப்பதாகத் தோன்றிய தார்ப்பாய், மேலிருந்து பார்த்தால் ஒன்றையுமே மூடியிருக்கவில்லை என்பதைக் கண்டார். கழிக்கப்பட்ட ஏணிகள் வெயிலில் பளபளத்துக் கிடந்தன. நெடுஞ்சாலையில் போகும் பேருந்துகளின் சன்னல்களிலிருந்து, ஊர் முழுவதும், இதைத் தினமும் பார்த்திருக்கும்.

அப்பால், பேருந்து நிறுத்தத்தின் சிமென்ட் பலகையில், நீலச் சட்டை போட்ட ஒருவர், இரண்டு முழங்கால்களையும் மடக்கி, கைகளை மடியில் வைத்து, உட்கார்ந்திருந்தார்.

காலடியில் ஏதோ அசைந்தது. சிறியதாக, இடப்பக்கமாக, பல் ஆடுவதைப் போல. நாச்சிமுத்து இரு கைகளாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். பிடித்த இடத்தில் உள்ளங்கைக்குக் கீழே பச்சை ஸ்டிக்கர் வழவழத்தது.

"இந்தப் படி ஆடுது," என்றார். "இது ஆகாதுங்க. இதை அனுப்பக் கூடாது."

கீழே மாசிலாமணி ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஏணியின் காலை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தார்.

"காலுக்குத் தெரியுதுங்களா?" என்றார். "மெதுவா எறங்குங்க. நான் புடிச்சிருக்கறேன்."